குடல் சுவருக்கு எது உதவும்: மாத்திரையா, தயிரா, நார்ச்சத்தா?

ஆன்டிபயாடிக் எழுதித் தரும் டாக்டர் அதோடு ஒரு 'வயிற்று மாத்திரை'யும் சேர்த்து எழுதுவது இப்போது ரொம்பச் சாதாரணமாகிவிட்டது. மருந்துக்கடையில் கேட்டால், "நல்ல பாக்டீரியா சார், வயிறு கெடாது" என்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள், "அதெல்லாம் எதுக்கு, நாலு நாள் தயிர் சாதம் சாப்பிட்டா சரியாயிடும்" என்கிறார்கள். இணையத்தில் தேடினால் மூன்றாவதாக ஒரு பதில் வருகிறது: உங்கள் குடல் ஒழுகுகிறது, இந்தப் பவுடரை மூன்று மாதம் கலக்கிக் குடியுங்கள். இதில் எதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறது, யாருக்கு எது பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல் சுவர் நலமாக இருப்பதில் பெரும்பங்கு, ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா தயாரித்துத் தரும் பொருள்களுக்குத்தான். அதனால் பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள் முதலில் அவற்றின் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும், அதாவது நார்ச்சத்தை. தயிரும் மோரும் அதற்கு அடுத்தபடி. மாத்திரை என்றால் குறிப்பிட்ட காரணத்துக்காக, குறிப்பிட்ட ரகமாக, குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும். இப்படி வரிசைப்படுத்தியதற்குக் காரணம் சுவரின் அமைப்பிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சுவர் எப்படி இருக்கிறது

நாம் சாப்பிடும் சோற்றுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள். அவையும் மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஒரு செல்லுக்கும் பக்கத்துச் செல்லுக்கும் இடையில், செங்கல்லுக்கு நடுவே பூசும் கலவைபோல, சில புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஆனால் இந்தக் கலவை கெட்டியாகிப்போன ஒன்றல்ல. தண்ணீரும் உப்பும் போகவேண்டிய அளவுக்கு நெகிழும், பிறகு இறுகும்.

அந்தச் செல்களுக்கு மேலே வழவழப்பான சளிப்படலம் இருக்கிறது. பெருங்குடலில் இது இரண்டு அடுக்கு. மேலடுக்கு தளர்வாக இருக்கும், அதில் பாக்டீரியா தாராளமாகக் குடியிருக்கும். செல்களை ஒட்டிய கீழடுக்கு அடர்த்தியானது, அங்கே பாக்டீரியா நுழைய முடியாது. ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் ஹான்சன் குழு 2008-ல் இதை எலிகளில் தெளிவாகக் காட்டியது. சளியின் முக்கியப் புரதத்தைத் தயாரிக்க முடியாத எலிகளில் பாக்டீரியா நேராகச் செல்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த எலிகளுக்குப் பெருங்குடலில் அழற்சியும் வந்தது.

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தினர் கணக்கிட்டார்கள். அநேகமாக எல்லாமே பெருங்குடலில்தான். இவ்வளவு கூட்டத்தை இந்த மெல்லிய சுவர் தினமும் சமாளிக்கிறது. சமாளிக்க உதவுவதும் அந்தக் கூட்டமேதான். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. இதில் பியூட்டிரேட்தான் நம் கதைக்கு முக்கியம். உடலின் மற்ற செல்கள் பலவும் சர்க்கரையை எரித்துப் பிழைக்கின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கோ பியூட்டிரேட்தான் முதன்மை எரிபொருள்.

அது எரியும்போது செல்களைச் சுற்றியுள்ள ஆக்சிஜனும் செலவாகிவிடுகிறது. குடலின் உட்பக்கம் காற்றில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆன்டிபயாடிக் கொடுத்து பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாவை அழித்த எலிகளில், ஆக்சிஜன் மிஞ்சிக் குடலுக்குள் கசிந்தது, அதை விரும்பும் சால்மோனெல்லா போன்றவை பெருகின. தவிர, பியூட்டிரேட் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் 'போதும், அடங்கு' என்று சொல்லும் டி செல்களைப் பெருகச் செய்கிறது. இதை 2013-ல் ஜப்பானிய, அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஆக, எரிபொருள், காற்றில்லாச் சூழல், அழற்சியை அடக்கும் சைகை எல்லாமே ஒரே பொருளிலிருந்து வருகிறது.

பாக்டீரியாவுக்கு நார்ச்சத்து கிடைக்காவிட்டால்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எரிக் மார்ட்டன்ஸும், லக்சம்பர்க்கில் பணியாற்றும் மகேஷ் தேசாயும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில், மனிதக் குடலில் வாழும் 14 ரகங்களை மட்டும் குடியேற்றினார்கள். ஒரு பகுதி எலிகளுக்கு நார்ச்சத்துள்ள தீனி, இன்னொரு பகுதிக்கு நார்ச்சத்தே இல்லாத தீனி. நார்ச்சத்து கிடைக்காத எலிகளில் பாக்டீரியா சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியது, படலம் மெலிந்தது. பிறகு நோய்க்கிருமி ஒன்றைக் கொடுத்தபோது அந்த எலிகள்தான் மோசமாகப் பாதிக்கப்பட்டன. பாக்டீரியா அதே 14-தான். மாறியது தீனி மட்டும். 'நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா' என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இந்த ஆய்வு பெரிய காரணம்.

குடல் ஒழுகுவது என்பது

சுவரின் இறுக்கம் தளர்வது உண்மையான விஷயம்தான். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில், குடலில் அழற்சி நீடிக்கும் கிரோன் நோயில், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். சுகாதாரமில்லாத தண்ணீரும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்குமாக வளரும் குழந்தைகளின் சிறுகுடலில் நிரந்தரமாக ஒரு மந்தமான அழற்சி இருப்பதும், சுவர் கசிவதும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போவதும் தெரிந்தவையே. வேலூர் சி.எம்.சி. இந்தப் பிரச்சினையைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

ஆனால் களைப்பு, முடி கொட்டுவது, முகப்பரு, மறதி எல்லாவற்றுக்கும் 'குடல் ஒழுகல்' என்று ஒரே காரணம் சொல்லி, அதற்கென்று ஒரு பொட்டலத்தை விற்பதற்கு ஆதாரம் இல்லை. இதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி, சுவரின் இறுக்கத்தைத் தளர்த்தும் சோனுலின் என்ற புரதத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் அந்தப் பரிசோதனைக் கருவிகள் சோனுலினைத்தான் அளக்கின்றனவா என்று சோதித்தபோது, அவை வேறு புரதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஆராய்ச்சிக்கூடங்களில் வேறு முறை உண்டு. லாக்டுலோஸ், மானிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கவைத்து, சில மணி நேரத்துக்குச் சிறுநீரைச் சேகரித்து, எது எவ்வளவு கடந்து வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆய்வுக்கு நல்லது, ஆனால் ஒரு தனிமனிதருக்கு என்ன மருந்து என்று முடிவெடுக்க அதுவும் உதவாது. சோனுலின் பரிசோதனைக்குக் காசு கட்டாதீர்கள் என்பதுதான் என் யோசனை.

மாத்திரை

ப்ரோபயாடிக், அதாவது உயிருள்ள நுண்ணுயிர் அடங்கிய மாத்திரையைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, எந்த ரகம்? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ்' என்று பெயர் மட்டும் போட்டிருந்தால் பாதி தகவல்தான். அதற்குப் பின்னால் ஜி.ஜி. போன்ற ரக அடையாளம் இருக்க வேண்டும், ஒரு வேளைக்கு எத்தனை கோடி உயிருள்ள பாக்டீரியா என்ற கணக்கும் இருக்க வேண்டும். ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள் குடலில் நேரெதிராக நடந்துகொள்ளும். ஈ.கோலை என்ற பெயரைக் கேட்டாலே நாம் அஞ்சுகிறோம். ஆனால் 1917-ல் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே, சக வீரர்களுக்கெல்லாம் சீதபேதி வந்தபோதும் தப்பித்துக்கொண்ட ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலை ரகம், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் அடங்கியபின் திரும்பாமல் பார்த்துக்கொள்வதில் மெசலசின் மருந்துக்கு ஈடாக இருந்தது என்று 2004-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

மாத்திரை நன்றாக வேலை செய்த இடங்கள் உண்டு. ஆன்டிபயாடிக் சாப்பிடும் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றி 2019-ல் 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ப்ரோபயாடிக் பெறாத குழந்தைகளில் 19 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கு. இது சின்ன வித்தியாசம் இல்லை.

இன்னும் பெரியது ஒடிசாவின் கிராமங்களில் நடந்தது. பிறந்த குழந்தைகள் 4,556 பேரில் பாதிப் பேருக்கு ஏழே நாள், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் ரகம் ஒன்றையும் அதன் தீனியாக ஒரு வகை நார்ச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவதோ இறப்போ 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. பினாகி பாணிகிரஹி தலைமையிலான இந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. நல்ல எடையோடு, உரிய மாதத்தில் பிறந்த, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் அவர்கள். இதைப் பார்த்துவிட்டுக் குறைமாதக் குழந்தைக்கு நாமாக எதையும் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் வாந்தி, வயிற்றுப்போக்குக்கு லாக்டோபேசில்லஸ் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள், அமெரிக்காவில் ஒன்று, கனடாவில் ஒன்று, 2018-ல் ஒரே நேரத்தில் வெளிவந்தன. இரண்டிலும் பலன் இல்லை. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி வந்த நோயாளிகளுக்கு, குடல் சுவர் வழியாகக் கிருமி கசியாமல் இருக்கட்டும் என்றே ப்ரோபயாடிக் கொடுத்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதத்தினர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதத்தினர். ஒன்பது பேருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டமே நின்றுபோயிருந்தது. 2008-ல் வெளியான இந்த முடிவைப் படித்தபின் 'நல்ல பாக்டீரியாதானே, கெடுதல் ஒன்றும் செய்யாது' என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஐ.சி.யு.வில் இருப்பவர், கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டிருப்பவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர், இவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் எந்த நுண்ணுயிர் மாத்திரையும் வேண்டாம். சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் மாத்திரை பற்றியும் இதே எச்சரிக்கைதான். அது பாக்டீரியா அல்ல என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது, அது அதன் நன்மை. ஆனால் பலவீனமான நோயாளியின் ரத்தத்தில் கலந்துவிட்டால் ஆபத்து.

சரி, ஆன்டிபயாடிக் முடிந்தபின் பழைய குடல் பாக்டீரியா திரும்ப வருவதற்கு மாத்திரை உதவுமா? வைஸ்மன் நிலையத்தின் எரான் எலினாவும் எரான் சேகலும் இதை நேராகவே சோதித்தார்கள். ஆரோக்கியமான 21 பேருக்கு ஏழு நாள் சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார்கள். நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கு ரொம்ப நாளாகச் சேர்த்துக் கொடுக்கப்படும் அதே ஜோடி. அப்புறம் மூன்றாகப் பிரித்தார்கள். ஏழு பேரைச் சும்மா விட்டார்கள். எட்டுப் பேருக்கு 11 ரகங்கள் கொண்ட ப்ரோபயாடிக். ஆறு பேருக்கு, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுத்து வைத்திருந்த அவரவர் மலத்தையே திரும்பச் செலுத்தினார்கள். சொந்த மலத்தைப் பெற்றவர்களுக்குச் சில நாள்களிலேயே பழைய நிலை திரும்பியது. சும்மா விட்டவர்களுக்குச் சுமார் மூன்று வாரம். ப்ரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு ஐந்து மாதமாகியும் முழுமையாகத் திரும்பவில்லை. விழுங்கிய ரகங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை வளரவிடவில்லை.

ஆட்கள் குறைவு, ஒரே வகை மாத்திரை. இதை மட்டும் வைத்து எல்லா ப்ரோபயாடிக்கையும் ஒதுக்க முடியாது. ஆனால் ஒரு விஷயம் புரிகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாள்களில் வயிற்றுப்போக்கைத் தடுப்பது ஒரு நோக்கம். அது முடிந்தபின் பழைய கூட்டத்தை மீட்பது வேறு நோக்கம். முதலாவதற்கு மாத்திரை உதவலாம், இரண்டாவதற்கு இடைஞ்சலாகலாம். அதனால், ஆன்டிபயாடிக்கோடு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த நாள்களுக்குச் சாப்பிடுங்கள். அது முடிந்தபின்னும் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் தொடர வேண்டாம்.

பியூட்டிரேட் தயாரிக்கும் ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி போன்றவற்றை மாத்திரையாக விழுங்கலாமே என்று தோன்றும். கிரோன் நோயாளிகளிடம் இது குறைந்திருப்பது 2008-லேயே தெரியும். ஆனால் காற்றுப் பட்டால் இது சாகும், சாதாரண மாத்திரையில் அடைக்க முடியாது. சளியைத் தின்று வாழும் அக்கர்மான்சியா என்ற இன்னொரு பாக்டீரியாவை 2019-ல் பெல்ஜியத்தில் 32 பேரிடம் சோதித்தபோது, உயிருள்ளதைவிடச் சூடாக்கிக் கொன்றதுதான் இன்சுலின் விஷயத்தில் நன்றாக வேலை செய்தது. சுவாரசியமான பாதை, ஆனால் வீட்டு முடிவுக்கு இன்னும் வரவில்லை.

தயிரும் புளித்த சாப்பாடும்

2021-ல் ஸ்டான்ஃபோர்டின் ஜஸ்டின் சோனன்பர்க், கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழுவினர் ஆரோக்கியமான 36 பேரை இரண்டாகப் பிரித்து, பத்து வாரம் ஒரு சாராருக்கு நார்ச்சத்து நிறைந்த உணவும் இன்னொரு சாராருக்குப் புளித்த உணவும் கொடுத்தார்கள். தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா, காய்கறி ஊறிய உப்புநீர் இவையெல்லாம் அந்தப் புளித்த உணவுகள். அந்தச் சாராரின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின. இன்டர்லூகின்-6 உட்பட அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. நார்ச்சத்துச் சாராரில் சராசரியாக அப்படி எதுவும் தெரியவில்லை. தொடக்கத்தில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தவர்களில் சிலருக்கு அழற்சி கூடவும் செய்தது.

இதைப் படித்துவிட்டு நார்ச்சத்து தோற்றது, தயிர் ஜெயித்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நார்ச்சத்துச் சாராரில் ஒரு நாளைக்கு 22 கிராமாக இருந்ததை 45 கிராமாக ஏற்றியிருந்தார்கள். மலத்தில் செரிக்கப்படாத மாவுப்பொருள் மிஞ்சியிருந்தது. அதாவது வந்த தீனியைத் தின்ன ஆள் போதவில்லை. நீண்ட நாள் நார்ச்சத்து குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் அதைச் செரிக்கும் பாக்டீரியாவும் குறைந்துபோயிருக்கும். அவசரமாக ஏற்றக் கூடாது என்பதும், புளித்த உணவையும் கூடச் சேர்ப்பது புத்திசாலித்தனம் என்பதும் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டவை.

புளித்த உணவுச் சாரார் சாப்பிட்டது ஒரு நாளைக்குச் சராசரி ஆறு பரிமாறல் என்பதையும் கவனியுங்கள். மதியம் ஒரு கரண்டி தயிர் அதற்கு ஈடாகாது. காலையில் ஒரு டம்ளர் மோர், மதியம் ஒரு கிண்ணம் தயிர், மாலையில் இன்னொரு டம்ளர் மோர் என்றால் ஏதோ பாதி வரும். அதிலும் உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் அடுப்பில் ஏறக் கூடாது. மோர்க்குழம்பில் அது செத்துவிடும். இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் லூகோனாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாதான், ஆனால் ஆவியில் வெந்த இட்லியில் உயிரோடு எதுவும் மிஞ்சாது. இட்லி எளிதில் செரிக்கும், சத்தானது, எல்லாம் சரி. ப்ரோபயாடிக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. எண்ணெயும் காரமும் வினிகரும் மிகுந்த கடை ஊறுகாயும் அப்படித்தான்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைத் தயிரோடு சேர்த்துச் சாப்பிட்டால் தயிரில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. சிப்ரோஃப்ளாக்சசினைத் தயிருக்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். தயிர் சாப்பிட்டுவிட்டால் ஆறு மணி நேரம் கழித்துப் போடுங்கள். 'மாத்திரை சூடு, தயிர் சாதத்தோடு முழுங்கு' என்று வீடுகளில் சொல்வதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நார்ச்சத்து

இந்த இடத்தில் வேலூருக்கு வர வேண்டும். காலராவில் சிறுகுடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல் சிறுகுடலை நம்பியது. சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், யேல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி பைண்டரோடு சேர்ந்து, பெருங்குடலையும் வேலை வாங்கலாமே என்று யோசித்தார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒரு மக்காச்சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் கரைசலில் கலந்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதைக் கொழுப்பு அமிலமாக்கி, அந்த அமிலம் உப்பையும் தண்ணீரையும் சுவருக்குள் இழுத்துக்கொள்ள வைக்கும் என்பது கணக்கு. 48 நோயாளிகளிடம் சோதித்தார்கள். வழக்கமான கரைசலில் வயிற்றுப்போக்கு நிற்க சராசரியாக 91 மணி நேரம் ஆனது; இந்த மாவு சேர்த்ததில் 57 மணி நேரம். 2000-ல் வெளிவந்தது. எந்தப் பாக்டீரியாவையும் வெளியிலிருந்து கொடுக்கவில்லை. நோயாளியின் குடலில் இருந்ததற்கே தீனி போட்டார்கள், காலராவின் நடுவிலும் அது வேலை செய்தது. நான் நார்ச்சத்தை முதலிடத்தில் வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் சொல்லத் தெரியாது.

இதே வகை மாவுச்சத்து சோறு ஆறும்போதும் உருவாகிறது. அதனால் பழைய சோற்றை மருந்தாகவே பேசுகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். இந்தோனேசியாவில் அளந்தபோது, 100 கிராம் சூடான வெள்ளைச் சோற்றில் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம், பத்து மணி நேரம் வெளியில் ஆறியதில் 1.30 கிராம், ஒரு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது, ஆனாலும் மொத்தத்தில் கொஞ்சம்தான். பழைய சோறு நல்ல சாப்பாடு. மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. மூன்று வேளையும் வெள்ளை அரிசியாகச் சாப்பிடுபவர் ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் அதிலிருந்து கிடைப்பது 8 கிராம் அளவுக்குத்தான். அதோடு 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 12 கிராம் சேரும். ஒரு கொய்யா, 100 கிராம் இருந்தால், 8 கிராம். அரிசியோடு சேர்த்து இந்த மூன்றிலேயே 28 கிராம் வந்துவிட்டது. அரிசியில் ஒரு வேளையைக் கேழ்வரகாக மாற்றினால், 100 கிராம் மாவில் 11 கிராம். முருங்கைக்கீரையிலும் 100 கிராமுக்கு 8 கிராம். விலையை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், மாத்திரை அட்டைக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை கொய்யா வரும் என்று.

பருப்பு, பயறு வகைகளின் நார்ச்சத்தும், கொய்யா, மாதுளையில் உள்ள பெக்டினும் பாக்டீரியாவுக்குப் பிடித்தவை, பியூட்டிரேட் நன்றாக வரும். கோதுமைத் தவிடு பெரும்பாலும் அப்படியே வெளியே போகும். மலச்சிக்கலுக்கு உதவும், பாக்டீரியாவுக்கு அவ்வளவாக இல்லை. இசப்கோலும் ஏறக்குறைய அந்த வகைதான்.

வாயு வரும், வயிறு உப்பும். அது பாக்டீரியா வேலை செய்வதன் அடையாளம்தான் என்றாலும் தாங்க முடியாத அளவுக்குப் போனால் யாரும் தொடர மாட்டார்கள். வாரத்துக்கு ஐந்து கிராம் என்று ஏற்றினால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். கடலையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும். ஐ.பி.எஸ். (IBS) என்ற எரிச்சல் குடல் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பயறும் வெங்காயமும் பூண்டும் வலியைக் கிளப்பலாம், அவர்கள் ஒரு உணவியல் நிபுணரோடு சேர்ந்து எது ஒத்துக்கொள்கிறது என்று பார்ப்பது நல்லது. கிரோன் நோயால் குடல் சுருங்கியிருப்பவர்கள் நார்ச்சத்தைக் கூட்டவே கூடாது, அடைப்பு ஏற்படும்.

எதைச் சேர்ப்பது என்று பேசும்போது எதைக் குறைப்பது என்பதும் வர வேண்டும். ஐஸ்கிரீம், பாக்கெட் சாஸ், கேக் போன்றவற்றின் பின்பக்கத்தில் ஐ.என்.எஸ். 466, ஐ.என்.எஸ். 433 என்று இருக்கும். முதலாவது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், இரண்டாவது பாலிசார்பேட் 80. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்ப்பவை. எலிகளுக்கு இவற்றைக் கொடுத்தபோது சளிப்படலம் மெலிந்து பாக்டீரியா செல்களை நெருங்கியது. மனிதர்களுக்கு ஐ.என்.எஸ். 466-ஐ நாளுக்கு 15 கிராம் வீதம் 11 நாள் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் சிலருக்கு மட்டும் அதே மாற்றம் தெரிந்தது. அந்த அளவு சாதாரணமாக நாம் சாப்பிடுவதைவிட அதிகம். பயப்பட வேண்டாம், ஆனால் குழந்தைகளுக்குத் தினமும் பாக்கெட் உணவு என்ற பழக்கத்தை நிறுத்த இது போதுமான காரணம்.

மலம் மாற்றுதல்

இன்னொருவரின் மலத்தை முறையாகச் சோதித்து நோயாளியின் குடலில் செலுத்துவது, கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியின் தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்குப் பிரமாதமான சிகிச்சை. 2013-ல் வெளிவந்த டச்சு ஆய்வில் ஒரே தடவையில் 81 சதவீதத்தினர் குணமானார்கள், வான்கோமைசின் மருந்தில் 31 சதவீதம்தான். அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் பலன் இவ்வளவு இல்லை. டெல்லி எய்ம்ஸில் இதை அழற்சியைக் குறைக்கும் உணவு முறையோடு சேர்த்துச் செய்து 2022-ல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் 60 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது, வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கு. அதற்குப் பிறகு உணவு முறையை மட்டும் தொடர்ந்தவர்களிடம் பலன் நீடித்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இது மருத்துவமனையில் நடக்க வேண்டியது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி தானமாக வந்த மலத்தில் இருந்ததால் அமெரிக்காவில் ஒருவர் இறந்ததும், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்ததும் உண்டு. வீட்டில் செய்துபார்க்கும் வீடியோக்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

எப்போது இந்த ஒப்பீடே வேண்டாம்

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, தொடர் காய்ச்சல், ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தயிரா மாத்திரையா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். அவர் மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவைப் பார்க்கச் சொல்லலாம். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் விடும் புரதம் அது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பணம் செலவழிப்பதாக இருந்தால் இந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கலாம்.

அளவு அதிகமாக இருந்தால் கொலோனோஸ்கோபி செய்து, சிறு துண்டு சதை எடுத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் அதைத் தவிர்க்கவே முடியாது. குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் காசநோய் பரவும். எது என்று தெரியும்வரை நார்ச்சத்தைக் கூட்டுவதையும் நீங்களாக எதையும் தொடங்குவதையும் நிறுத்திவையுங்கள்.